மலைநாட்டு இளவேனில்

சித்திரை, வைகாசித் திங்கள்களை இளவேனில் என்று வகுத்தனர் நம் முன்னோர். யாழ்ப்பாணத்து நண்பகலில் வியர்வை வழிய நிற்பவர்க்கு அப்பெயர் ஏளனமாகவே தோன்றும். பெயருக்கேற்ற பருவத்தை இத்தீவிற் காண விரும்புவோர் சித்திரையில் நுவரெலியாவுக்குத்தான் ஏறவேண்டும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,200 அடி உயரத்திலுள்ள அந்நகரில், இம்முறை ஒரு நாளை நாம் இரு கூறாக்கினோம்: முற்பகல் டெனிஸ், பிற்பகல் ஹக்கலைப் பூங்கா. நம்முடன் வந்தோர் கொழும்புக் கல்லூரி மாணவர் நால்வரும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும்.

ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் மாணவர் முகம் வாடிற்று. கொழும்பில் எல்லைக்கோட்டுக்குள் அழகாக விழும் அடிகளெல்லாம் இங்கே கோட்டைத் தாண்டி வேலியில் மோதின. மட்டையை நொந்தனர், தளத்தை நொந்தனர். குற்றமோ காற்றினுடையது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. காற்று மெலிந்திருப்பதால் பந்தின் வேகத்தைத் தடுக்கும் ஆற்றலும் குறைகிறது. வெளியழுத்தம் குறைய, பந்தினுள் அடைபட்ட காற்றின் கை ஓங்கித் துள்ளலும் மிகுகிறது. 4,000 அடிக்கு மேற்பட்ட இடங்களுக்கெனத் தனிவகைப் பந்துகளுக்கே சர்வதேச விதிகள் இடமளிக்கின்றன. ஆசிரியர் இதனை விளக்கியபின் பிள்ளைகள் அடியைச் சற்று அடக்கினர், ஆட்டமும் இனித்தது. தோற்றவர் வெயிலின்மேற் பழிபோட வழியில்லை என்பதுதான் இங்குள்ள ஒரே குறை!

பந்தைப் பறக்கவிட்ட அவ்வுயரமே இந்நகரையும் ஆக்கிற்று. 1840-களில் காட்டுக் காய்ச்சலால் நலிந்து இங்கு வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், இரு வாரத்தில் உடல் தேறினார். பின்னர் குடும்பத்தோடு வந்து குடியேறிப் பயிரும் செய்தார். மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு இக்குளிர் ஒவ்வாது. வெள்ளையர் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலையேறினர். அவர்கள் பின்னே விடுதிகளும் டெனிஸ் தளங்களும் ஏறின. கீழே வாழ்ந்த ஏழைகளுக்கு அவ்வாறு ஏறிவர வழியேது?

பிற்பகலில், வழியிலுள்ள சீதையம்மன் ஆலயத்தை வணங்கிக்கொண்டு, ஆறு மைல் தொலைவிலுள்ள ஹக்கலையை அடைந்தோம். சீதை சிறையிருந்த அசோகவனம் இதுவே என்பர். ரோசாக்களையும் குடைவிரித்த மரப்பன்னங்களையும் கண்டவர்க்குச் சிறையென்று எண்ண மனம் வராது. ஆனால் 1861-இல் இத்தோட்டம் தொடங்கப்பட்டது மலருக்காக அன்று. மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்துக்காக. 1880-களில் இலங்கையிலிருந்து பட்டை அளவின்றிச் சந்தைக்குச் செல்லவே விலை சரிந்தது. தோட்டத்துரைமார் சிங்கோனாவை அகற்றித் தேயிலையை நட்டனர்.

1934-இல் மழை பொய்த்தது. வற்றிய ஆறுகளில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. 1935 வரை நீடித்த அக்கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். அக்காலத்தில் உலகின் சிங்கோனாப் பட்டையிற் பெரும்பங்கு ஜாவாத் தீவிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

இதனைக் கூறிவந்த ஆசிரியர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அவர் தாயார் கேகாலைப் பகுதியில் அந்நோயில் இரு தமையன்மாரை இழந்தவராம். அப்போது அவருக்கு வயது பத்து.

"இங்கே அந்த மரங்களை விட்டுவைத்திருந்தால் தப்பியிருப்பார்களா, சேர்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான்.

"மரம் மட்டும் இருந்து என்ன செய்ய, தம்பி? மருந்தைக் குடிசைவரை கொண்டுவர ஆளும் வேண்டுமே. அம்மாவின் வீட்டுக்கு மருந்தோடு ஆள் வந்தபோது அவர் ஒருவர்தான் மிஞ்சியிருந்த பிள்ளை" என்றார் ஆசிரியர்.

மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது 2016-இல். அச்செய்தி வெளிவந்த பத்திரிகையை ஆசிரியர் தம் தாயாரின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாராம்.