மைட்டர் சா வாங்கப்போறீங்களா? முதல்ல நிலைக்கட்டையை அளந்து பாருங்க!

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், புது வீட்டு வேலை நடக்கும் இடத்தில் அந்தச் சத்தம் கேட்கும். கையில் பிடிக்கும் 4 இன்ச் கட்டிங் மிஷின். டைல்ஸும் மார்பிளும் அறுப்பதற்காக வந்த மிஷின் அது. அதில் மர பிளேடை மாட்டி நிலை, ஜன்னல் சட்டம், பீடிங் என எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதும் உண்டு. பிளேடு மரத்தில் சிக்கினால் மிஷின் எகிறும். அப்போது எதிரே இருப்பது விரலாகவும் இருக்கலாம், தொடையாகவும் இருக்கலாம்.

குறுக்கே அறுக்கவும், 45 டிகிரி போடவும் என்றே இருக்கிற மிஷின் மைட்டர் சா. கட்டை மேஜையில் அசையாமல் இருக்கும், பிளேடுதான் இறங்கி வரும். பென்சில் கோடு, மூலைமட்டம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இதில் சாதா மாடல், ஸ்லைடிங் மாடல் என இரண்டு வகை. ஸ்லைடிங்கில் மிஷினின் தலை தண்டவாளம் போன்ற கம்பிகளில் முன்னும் பின்னும் நகரும். அதனால் அகலமான பலகையையும் ஒரே வெட்டில் அறுக்கலாம். விலையும் அதற்கேற்ப ஏறும். பல நேரம் சாதா மாடலைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்லைடிங் தருவது அகலத்தை மட்டும்தான், உயரத்தை அல்ல. உயரத்தைத் தீர்மானிப்பது பிளேடின் அளவு.

நம்மூர் நிலைக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 4-க்கு 3 அல்லது 5-க்கு 3. மூன்று இன்ச் என்பது 76 மில்லிமீட்டர். சந்தையில் விலை குறைவாகக் கிடைக்கும் ஸ்லைடிங் மாடல்கள் பெரும்பாலும் எட்டரை இன்ச், அதாவது 216 மில்லிமீட்டர் பிளேடு போடுபவை. அகலத்தில் ஓர் அடியைத் தாராளமாக எட்டும். உயரத்தில் 70 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். இழைத்து இரண்டே முக்கால் இன்ச் ஆன கட்டை என்றால் மயிரிழையில் தப்பிக்கலாம். இழைக்காத கட்டை என்றால் திருப்பிப்போட்டு இரண்டாவது முறை அறுக்க வேண்டும், நடுவில் ஒரு படி விழும். இத்தனை ஆயிரம் செலவழித்து வாங்கியவருக்கு அதைவிட எரிச்சல் வேறு இல்லை.

10 இன்ச் சாதா மாடலில் 4-க்கு 3 கட்டை பெரும்பாலும் போய்விடும். 5-க்கு 3 வந்தால் அதுவும் திணறும். படுக்க வைத்தால் அகலம் 130 மில்லிமீட்டர் வரை கிடைத்தாலும், அந்த அகலத்தில் உயரம் 70-ஐ ஒட்டித்தான். நிலை வேலையே பிழைப்பு என்பவருக்கு 10 இன்ச் ஸ்லைடிங்தான் கணக்கு; உயரம் 90-ஐ ஒட்டி வரும், அகலம் ஓர் அடி கிடைக்கும். பீடிங், போட்டோ பிரேம், ரீப்பர் மட்டும் அறுப்பவருக்கு ஸ்லைடிங்கே வேண்டாம், 10 இன்ச் சாதா போதும். மிச்சப் பணத்தில் நல்ல பிளேடு வாங்கலாம். மாடுலர் கிச்சன் செய்பவர்களும் ஒரு நிமிடம் யோசிக்கலாம். 8-க்கு 4 பிளைவுட் ஷீட்டை எந்த மைட்டர் சாவிலும் கிழிக்க முடியாது.

மக்கிட்டா, பாஷ், டிவால்ட் என்ற பெயர்களுக்குக் கீழே விலை குறைந்த பிராண்டுகள் நிறைய வந்துவிட்டன. எல்லாமே மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், மோட்டாருக்குக் கார்பனும் ஸ்விட்சும் மதுரையிலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கடையில் தலையை முழுசாக முன்னால் இழுத்துப் பிடித்து, இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் வெட்டும் கோணலாகத்தான் வரும்.

இன்னொரு சோதனைக்கு ஒரு பலகைத் துண்டு போதும். இரண்டு ஓரமும் நேராக இருக்கும் துண்டை 90-ல் வைத்து அறுத்து, ஒரு பாதியை மட்டும் குப்புறப் புரட்டி, இரண்டு பாதியின் ஓரத்தையும் நேரான கட்டையில் ஒட்டிவைத்து, வெட்டிய முகங்களைச் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால், மிஷினின் தவறு அதில் பாதி. கொஞ்சம் என்றால் பின் தடுப்பின் திருகைத் தளர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.

பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மிஷினோடு வரும் பிளேடு பெரும்பாலும் பல் குறைவானதாக இருக்கும். வேகமாக அறுக்கும், ஓரம் பிசிறு தட்டும். 10 இன்ச்சில் நிலைக்கட்டைக்கு 40 பல், பொதுவான வேலைக்கு 60, பாலீஷ் ஏறப்போகும் பீடிங்குக்கு 80. பல் சாய்வையும் பார்க்க வேண்டும். முன்பக்கம் அதிகம் சாய்ந்த பல் மரத்தைக் கவ்வி இழுக்கும். டேபிள் சாவுக்கு அது சரி, ஸ்லைடிங் மைட்டர் சாவில் தலை எகிறிவிடும். சாய்வு பூஜ்ஜியத்தை ஒட்டியோ மைனஸிலோ இருப்பதுதான் பாதுகாப்பு. நடு ஓட்டை 25.4 மில்லிமீட்டரா 30-ஆ என்பதையும், பிளேடில் எழுதியிருக்கும் ஆர்.பி.எம். மிஷினுடையதைவிடக் கூடுதலா என்பதையும் சரிபாருங்கள். எட்டரை இன்ச் பிளேடு உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேக்கில் இயற்கையாகவே மணல்சத்து உண்டு, பல் சீக்கிரம் மழுங்கும். காரைக்குடிப் பக்கம் வாங்கிய பழைய வீட்டு மரம் என்றால், காந்தத்தை ஓட்டி ஆணி தேடிவிட்டு மேஜையில் வைப்பது நல்லது. ஓர் ஆணி போதும், கார்பைடு முனைகள் சிதறிவிடும். கார்பைடுக்கு அரம் போட முடியாது, வைரச் சாணை இருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

அறுக்கும் முறையும் பழகிய கைக்கு மாறாக இருக்கும். தலையை முன்னால் இழுத்து, கீழே இறக்கி, பின்னால் தள்ளிக்கொண்டே அறுக்க வேண்டும். தன் பக்கம் இழுத்து அறுத்தால் பிளேடு மரத்தின் மேல் ஏறி ஆளை நோக்கி வரும். பிளேடு நின்ற பிறகே தலையைத் தூக்க வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முகத்தில் துண்டு கட்டினால் போதாது, மாஸ்க் வேண்டும்.

இந்த மிஷின்கள் 1,600, 1,800 வாட் இழுப்பவை. வேலை நடக்கும் வீட்டில் மெல்லிய வயரை நீளமாக இழுத்துப் போட்டால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். 15 ஆம்பியர் பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் தேவை.

பணத்துக்கு? 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனுக்கு வழியுண்டு. 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். வட்டியிலும் 5 சதவிகிதம் அரசு ஏற்கும். வயது 35 நிறைந்திருக்க வேண்டும். இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். மிஷினுக்கான விலைப்பட்டியலைக் கடையில் எழுதி வாங்கும்போது, பிளேடுகளையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.