உப்புக்காற்று படாத வண்டி

சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஒரு பழைய அம்பாசிடரைத் தேடிப் புறப்படுகிறவர்கள், தங்கள் தெருக்கோடியிலேயே மலிவாகக் கிடைக்கும் வண்டிகளை ஏறெடுத்தும் பாராமல், கோலார், தும்கூர், சித்ரதுர்கா என்று கர்நாடகத்து மேட்டு நிலங்களில் ஊர் ஊராக விசாரித்துத் திரிவதைக் கண்டு, பணம் அதிகமாகிப் புத்தி குறைந்துவிட்டதென்று பலர் பரிகசிப்பதுண்டு. அந்தப் பரிகாசம் நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். கடற்காற்றில் மிதந்து வரும் உப்பு தகட்டின் மீது படிந்து, மழை பெய்யாத நாளிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பை இடைவிடாமல் அரித்துக்கொண்டேயிருக்க, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், கடலை விட்டு வெகுதூரம் விலகி, மழையும் மிதமாகவே பெய்யும் கோலார் தங்கவயல் மாரிகுப்பத்தில், ஓட்டுக் கொட்டகையில் நின்ற ஒரு வண்டி நாற்பது வருஷம் கழித்தும் முழு உடம்போடு இருப்பது சாத்தியம். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் இங்கிலாந்திலிருந்து, தங்கள் நாட்டிலேயே தயாராகி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான எம்ஜி கார்களைக் கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் தேடிப்பிடித்துக் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுபோகிறவர்கள் செய்வதும் இதே காரியந்தான்.

மாரிகுப்பத்துக்கு இரும்பின் குணத்தை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த நாள் முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் கதவடைத்த நாள் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கங்களுக்குள் எஃகுக் கயிற்றில் தொங்கிய கூண்டை நம்பித் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களின் ஊர் இது. அந்தக் கயிற்றுக்கு வயதுக் கணக்கும் உண்டு என்றாலும் அதோடு நிறுத்திவிடுவதில்லை. குறித்த காலத்துக்கு ஒருமுறை அதன் நுனியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, புரி புரியாகப் பிரித்து, வெளியே மசகெண்ணெய் மினுங்கினாலும் உள்ளே துரு ஏறியிருக்கிறதா என்று சோதித்த பிறகே மனிதர்களை ஏற்றுவது சுரங்கத்தின் நியதி.

கார் வாங்குகிறவர்கள் இந்த நியதியை மறந்து, எஞ்ஜினை முடுக்கிக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, வர்ணத்தின் பளபளப்பில் மயங்கி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்ஜின் எத்தனை கெட்டிருந்தாலும் போர் போட்டு, பிஸ்டன் மாற்றி உயிர்ப்பித்துவிடலாம். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம் என்பதால், உடம்பு அரித்துப்போனால் வண்டியின் ஆதாரமே போய்விட்டதென்று பொருள். (சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு, அதிலும் அந்தச் சேசிஸையே துரு தின்பதால் பெரிய ஆறுதல் ஏதுமில்லை.) ஆகையால் மேட் விரிப்பைத் தூக்கி டிரைவரின் கால்படும் தரைத்தகட்டை அழுத்திப் பார்க்க வேண்டும், கதவுகளின் அடிவிளிம்பை விரலால் தடவ வேண்டும், டிக்கிக்குள் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தையும், சக்கர வளைவின் உட்புறத்தையும், கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிபோன்ற பகுதியையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் ஒரு டிங்கர், மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் அது பிடிப்பில்லாமல் வழுக்கியதும், “பாத்தீங்களாண்ணே, இங்கே தகடு இல்லே, அத்தனையும் பட்டிதான்” என்று வாங்க வந்தவரிடம் சொன்னதைக் கேட்டேன். வண்டியின் சொந்தக்காரர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊர் வண்டியெல்லாம் தங்கம் என்று நான் வாதிக்க வரவில்லை. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து காற்றுக்காலத்தில் பறந்து வரும் மாவுபோன்ற புழுதி, கதவு ரப்பரின் சந்திலும் டிக்கியின் மூலைகளிலும் அடைந்துகொண்டு, மழை பெய்தால் நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். தூரத்திலிருப்பவர் போட்டோவை நம்பிப் பணம் அனுப்பாமல், ரயிலேறி வந்து பார்ப்பதோ, விற்பவருக்கு வேண்டாத ஒரு டிங்கருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்வதோ உத்தமம்.

வாங்கியதை ஓட்டிக்கொண்டே வீடு போய்ச்சேர வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அது இயல்பானதே என்றாலும் ஆபத்தானது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் டயர் கட்டிதட்டியிருக்கும், வீல் சிலிண்டரின் ரப்பர் உலர்ந்திருக்கும், டாங்கிக்குள்ளிருக்கும் துருத்தூள் முதல் மேட்டிலேயே கார்புரேட்டரை அடைத்துவிடும். பெரிய கேரியர் லாரி சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு லைன்களின் சந்துகளுக்குள் நுழையாதாகையால், சிறிய ரிக்கவரி வண்டியில் பங்காருப்பேட்டைப் பக்கத்து அகன்ற சாலை வரை கொண்டுபோய் அங்கே மாற்றி ஏற்றுவதே வழி. ஏற்றுமுன் நான்கு பக்கமும் படமெடுத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோலைப் பெயரளவுக்கு வைத்து, பெல்ட்டை உடம்பில் கட்டாமல் சக்கரத்தில் கட்டச் சொல்ல வேண்டும். இவற்றோடு, வண்டி பதிவான ஆர்டிஓவிடம் 28-ஆம் நமூனாவில் என்ஓசி வாங்கி, சேசிஸ் நம்பரின் பென்சில் அச்சு ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, பணம் கைமாறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் வாங்குகிறவரின் பொறுப்பு. என் மனத்தாங்கல் சர்க்காரின் மீதுதான். ஏனென்றால் வர்ணத்தைப் பார்த்து வாங்குகிறவர் எத்தனை பாமரரோ, வயதை மட்டும் பார்த்து வரி போடுகிற சட்டமும் அத்தனை பாமரமானது. பதினைந்து வருஷம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று; 2025-இல் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆயிற்று. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டால் மட்டும், 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 20,000 ரூபாய் கட்டி ‘விஏ’ வரிசையில் எண் பெற்று, பத்து வருஷம் புராதன வாகனமென்ற கௌரவத்தோடு, கண்காட்சிக்கும் ராலிக்கும் போய்வரலாம். உத்தர்பாராவில் 2014-இல் செய்த கடைசி அம்பாசிடர் 2029-இல் பதினைந்தைத் தொடும். ஐம்பதைத் தொட 2064 வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட முப்பத்தைந்து வருஷமும் அது சட்டத்தின் கண்ணுக்கு வெறும் பழைய இரும்புதான். டில்லியில் பத்து வருஷ டீசல் வண்டியும் பதினைந்து வருஷப் பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாதென்ற உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது அங்கிருந்தவர்களுக்குக் காற்று மாசு என்ற நியாயமாவது இருந்தது. கோலாரில் மாதத்துக்கு ஒருநாள் கோயிலுக்குப் போய்வரும் வண்டிக்கு அந்த நியாயமும் பொருந்தாது.

புகை கக்கும் வண்டியையும் தரை ஓட்டையான வண்டியையும் காப்பாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அவை எடைக்குப் போகட்டும், அவற்றில் பத்து வயதுக் கார்களும் இருக்கும். எஃப்சிக்கு வரும் வண்டியின் பிரேக்கையும் விளக்கையும் புகையையும் பார்க்கிற இன்ஸ்பெக்டர், அதைக் குழிமேல் நிறுத்தி, கீழே இறங்கி, ஒரு ஸ்குரூடிரைவரால் தரைத்தகட்டைக் குத்திப் பார்த்து, தகடு தாங்கினால் வயது எதுவானாலும் பழைய கட்டணத்திலேயே ஐந்து வருஷம் எழுதிக்கொடுக்கலாம்; குத்திய முனை உள்ளே போனால், வண்டி நேற்று வாங்கியதேயானாலும், திருப்பி அனுப்பிவிடலாம்.