தோல் சொல்லும் செய்தி

தோல் உடலுக்கு ஒரு மதிற்சுவர் என்று பள்ளியில் படித்தோம். வெளியே வெயிலும் தூசியும் கிருமியும், உள்ளே உயிர், இடையே ஒரு சுவர். இந்த உவமை பாதிதான் உண்மை. சுவர் பேசாது, தோல் பேசும். அது பேசுவதை நாம் தவறாகப் புரிந்துகொள்வதால், குற்றமற்ற பலர் நம் ஊர்களில் ஒதுக்கப்படுகின்றனர் என்பதே என் கருத்து.

மேல்தோலிலுள்ள உயிரணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 கெரட்டினோசைட் எனப்படுபவை. அடியில் பிறந்து, மேலேறி, செதிலாக உதிர்வதே இவற்றின் வேலை என்று அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1981இல் தாமஸ் லூகரும் அவர் குழுவினரும், மேல்தோல் உயிரணுக்கள் தைமஸ் சுரப்பியின் உயிரணுக்களைத் தூண்டும் ஒரு பொருளைச் சுரக்கின்றன என்று வெளியிட்டனர். அது இன்டர்லூக்கின் 1 என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சுவர் என நினைத்தது காவற்காரனாகவும் இருந்தது!

இத்தகைய செய்திப் புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். கையில் முள் கீறினால் என்ன நடக்கிறது? கெரட்டினோசைட் இன்டர்லூக்கின் 1 ஆல்ஃபாவை முன்னரே ஆக்கித் தன்னுள் வைத்திருக்கிறது. உயிரணு உடைந்ததும் அது வெளியே சிந்துகிறது. அண்டையிலுள்ள உயிரணுக்கள் அதை உணர்ந்து இன்டர்லூக்கின் 8 முதலியவற்றைச் சுரக்கின்றன. அந்த அழைப்பை ஏற்று, இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கும் இந்தக் காவலின் விளைவுகளே. இதையே அழற்சி என்கிறோம்.

ஆபத்து நீங்கியதும் காவற்காரனின் குரல் ஓய வேண்டும். சோரியாசிஸ் நோயில் அது ஓய்வதில்லை. சித்த மருத்துவத்தில் இது காளாஞ்சகப்படை எனப்படுகிறது. டி அணுக்கள் இன்டர்லூக்கின் 17ஐச் சுரக்கின்றன. அதனால் தூண்டப்பட்ட கெரட்டினோசைட் மேலும் பல செய்திப் புரதங்களைச் சுரந்து, மேலும் வெள்ளையணுக்களை அழைக்கிறது. ஒன்றை ஒன்று கிளப்பிவிடும் இந்தச் சுழலில், ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேலே வரவேண்டிய உயிரணு சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. வெள்ளி நிறச் செதில்கள் குவிகின்றன. இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும் செகுகினுமாப் என்னும் மருந்துக்கு 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. செய்தியை மறித்தால் நோய் தணிகிறது என்றால், கோளாறு எங்கே என்பது விளங்கவில்லையா? இதில் பிறர்மேல் தாவுவதற்குக் கிருமி எங்கே இருக்கிறது?

ஆயினும் நாம் காண்பது என்ன? முடி திருத்துபவர் கத்தியை எடுக்கத் தயங்குகிறார். பந்தியில் பக்கத்து இலை காலியாகக் கிடக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் முழங்கையைப் பார்த்துவிட்டு எழுந்து போகின்றனர். நோயைவிட இந்த ஒதுக்கமே கொடிது.

"சொறி சிரங்கு ஒட்டத்தானே செய்கிறது?" என்று கேட்கலாம். உண்மைதான். சிரங்கும் படர்தாமரையும் தொற்றும். அதனால்தான் எந்த நோய் என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும் என்கிறேன். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புக் கூறும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

என்னைப்போல் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இங்கே பலர். நாம் படித்துச் சொன்னால் வீட்டாரும் தெருவாரும் காது கொடுக்கின்றனர். அந்த நம்பிக்கைக்கு நாம் கைம்மாறு செய்ய வேண்டாமா? நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். ஒரு மாலைப் பொழுதை இதற்கும் ஒதுக்குவோம். "சோரியாசிஸ் தொட்டால் ஒட்டாது" என்று ஊர் நடுவே நின்று சொல்வோம். பிறகு, அந்த நோயுள்ளவரின் பக்கத்து இலையில் நாமே உட்கார்ந்து உண்போம்.