தைத்த கைக்குப் பேர் இல்லையா?

சென்னையில் ஒரு கண்காட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புத்தகம். கையால் செய்த தாள், கையால் போட்ட தையல், பக்கத்துக்குப் பக்கம் ஒட்டுப்படம். 'தினம் ஒரு பக்கமாக ஓராண்டு உழைப்பில் உருவான கலைஞர் நூல்' என்று ஒரு சீட்டு. அதற்குக் கீழே இன்னொரு சீட்டு: 'தொடாதீர்கள்.'

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இந்தச் சொல்லை நாம் கேட்காத இடம் உண்டா? குளத்தில் கேட்டோம், கோயிலில் கேட்டோம், டீக்கடைத் தம்ளரில் கேட்டோம். இப்போது தைத்த புத்தகத்திலும் கேட்கிறோம்.

எங்க அய்யா மதுரையில் ஒரு பைண்டிங் கடையில் முப்பது வருசம் வேலை பார்த்தார். பாரம் மடிப்பார், குத்தூசியால் துளை போடுவார், மெழுகு தடவின நூலால் தைப்பார். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டு மைதாப் பசை காய்ச்சுவார். அவர் கை பட்ட புத்தகம் எத்தனை ஆயிரமோ! எழுதினவர் பேர் உள்ளே இருக்கும், அச்சகத்தின் பேர் இருக்கும். தைத்தவர் பேர் எதிலும் இல்லை. அதே தையலை ஓவியக் கல்லூரியில் படித்தவர் போட்டால் கலை, எங்க அய்யா போட்டால் கூலி. இந்தக் கணக்கை எழுதியது எந்த அழகியல்?

ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாத தாளை எல்லாம் உருவி, கடையில் மிஞ்சின காலிக்கோத் துணி போட்டு, எனக்குப் புது நோட்டு தைத்துத் தருவார் அய்யா. ஆறாம் வகுப்பில் வாத்தியார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "என்னடா இது பசை நாத்தம்? செருப்புத் தைக்கிறவன் தைச்சதா?" என்று விட்டெறிந்தார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வாத்தியாரை விட்டுத் தள்ளுங்கள், என் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2001இல் அர்ஜென்டினாவின் பொருளாதாரம் சரிந்தது. வேலை இழந்தவர்கள் புவனோஸ் அய்ரஸ் தெருக்களில் அட்டை பொறுக்கிப் பிழைத்தார்கள். 2003இல் அங்கே எலோய்சா கார்தொனேரா என்றொரு பதிப்பகம் தொடங்கியது. பொறுக்குகிறவர்களிடம் மற்றவர்கள் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுத்து அட்டை வாங்கினார்கள். அட்டை ஒவ்வொன்றிலும் கையால் வண்ணம் தீட்டி, கதையும் கவிதையும் நகலெடுத்து உள்ளே வைத்து, மலிவாக விற்றார்கள். லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளில் இப்படிப் பதிப்பகங்கள் முளைத்தன. கையால் செய்த புத்தகத்துக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்றும் தலைவிதி இல்லை.

நம்ம தோழர்களே சிலர் கேட்கிறார்கள்: "போஸ்டர் ஒட்ட ஆள் இல்ல, நீ உக்காந்து தாள் ஒட்டிக்கிட்டிருக்கியே?"

தோழர், 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் போலீஸ் நுழைந்தது. வீடுகளை உடைத்தது. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கிழித்தார்கள், கொளுத்தினார்கள் என்று ஊர்ச் சனங்கள் சொன்னார்கள். தாள் வெறும் தாள் என்றால் அதை ஏன் தேடிப் பிடித்துக் கொளுத்த வேண்டும்? நம் கையில் தாள் இருப்பது அவர்களுக்கு உறுத்துகிறது. நமக்கு அது எப்போது உறைக்கப் போகிறது?

எங்கள் சேரி இரவுப் பாடசாலையில் பிள்ளைகள் தினம் ஒரு பக்கம் செய்கிறார்கள். எட்டுத் தாளை ஒன்றாக மடித்தால் முப்பத்திரண்டு பக்கம், ஒரு மாசத்துக்கு ஆச்சு. மடிப்பில் மூன்று துளை போட்டுத் தைத்து முடிச்சுப் போட்டால் புத்தகம். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்த ரசீது, சூளைக் கூலிச் சீட்டு, பாட்டி சொன்ன வசவு, பன்றிக்குட்டிப் படம், எல்லாம் அதில் ஒட்டப்படும். ஒருநாள் ஒரு பிள்ளை தேதியை மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தை வெள்ளையாக விட்டது. ஏன் என்று கேட்டேன். "இன்னைக்கு அப்பாவை ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க சார்."

அந்த வெள்ளைப் பக்கம் எந்த எஃப்.ஐ.ஆரிலும் கிடையாது. நாம் வெட்டுப்பட்டால்தான், எரிந்தால்தான் அவர்கள் ஏட்டில் நமக்கு ஒரு வரி. மிச்ச நாளை எல்லாம் யார் எழுதுவது? அதனால்தான் தினம் ஒரு பக்கம் என்கிறேன். பொழுதுபோகாதவன் வேலை இல்லை இது.

நம் பத்திரிகைகளுக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆசிரியர் பேர், ஓவியர் பேர், அச்சகத்தின் பேர் எல்லாம் போடுகிறோமே, பைண்டர் பேர் எங்கே? இந்த இதழிலிருந்தே தொடங்குவோம். எங்கள் பிள்ளைகள் கடைசிப் பக்கத்தில் 'தைத்தது' என்று போட்டுத் தங்கள் பேரை எழுதுகிறார்கள்.

போன மாசம் அய்யா வந்திருந்தார். ஒரு புத்தகத்தை எடுத்து, தையலை விரலால் இழுத்துப் பார்த்து, "நூலுக்கு மெழுகு பத்தல" என்றார். பிள்ளைகள் மெழுகைத் தேடி ஓடினார்கள். எங்கள் புத்தகத்தை யாரும் தொடலாம். கிழிந்தால் திரும்பத் தைப்போம்.