சிக்கனம் சீமான்களுக்கு மட்டும்தானா?

மும்பையில் பசுமை ஹோட்டல் என்ற பேச்சு புதிதல்ல. விலே பார்லே விமான நிலையத்தின் அருகே 1997-இல் எழுந்த ஆர்க்கிட் ஹோட்டல், சுற்றுச்சூழலைப் பேணும் ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்று 'ஈகோடெல்' சான்று பெற்றது. கழிவு நீரைச் சுத்திகரித்துச் செடிகளுக்கும் குளிர்சாதன இயந்திரத்துக்கும் பயன்படுத்த அங்கே ஏற்பாடு செய்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அங்கே ஒரு நாள் தங்கும் செலவு, கூலித் தொழிலாளியின் பல நாள் சம்பளம்!

சிக்கனத்தின் முதல் பாடம் அறையின் அளவிலேயே இருக்கிறது. அறை சிறியதானால் கட்டச் சிமெண்டும் கம்பியும் குறைவு. குளிரூட்ட மின்சாரமும் குறைவு. 20 லிட்டர் வாளியில் ஒருவர் குளித்துவிடலாம். ஷவரின் கீழே ஐந்து நிமிடம் நின்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும். ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பாட்சா, வைதர்ணா ஏரிகளிலிருந்து குடிநீர் வரும் நகரம் இது. மழை தாமதித்தால் தண்ணீர் வெட்டு வருவதை இங்குள்ளவர்கள் அறிவார்கள்.

சின்ன அறை என்றால் புறாக்கூண்டு என்று பொருளல்ல. ஜப்பானின் ஒசாகாவில் 1979-இலேயே கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா, ஆள் படுக்கும் அளவுக்குப் பெட்டி பெட்டியாக அறைகள் அமைத்த ஹோட்டலை வடிவமைத்தார். அந்த யோசனை 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் வந்து சேர்ந்தது. 48 அறைகள், ஒவ்வொன்றிலும் படுக்கை, விளக்கு, செல்போனுக்கு மின் இணைப்பு. திறந்தபோது 12 மணி நேரத்துக்கு 999 ரூபாய், ஒரு நாளுக்கு 1,999 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள்.

இது நல்ல தொடக்கம். ஆனால் வேலை தேடி வருகிறவனும், பரேலில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்த நோயாளிக்குத் துணையாக நடைபாதையில் படுப்பவனும் இந்தத் தொகையை எப்படித் தருவான்? மேல் தட்டில் ஏறிப் படுக்க முதியவர்களால் முடியுமா? ஜன்னல் இல்லாத பெட்டிக்கு இரவு பகலாகக் குளிர்சாதனம் ஓட வேண்டாமா?

எனவே தமிழகத்து ரயில்கள் வந்து நிற்கும் தாதர், குர்லா போன்ற இடங்களில் வேறு வகை அறைகள் பெருக வேண்டும். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மின்விசிறி, பூட்டு உள்ள பெட்டி, பொதுக் குளியலறை ஆகியவை போதும். குளித்த தண்ணீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்பலாம். கூரையில் சூரிய வெந்நீர்க் கருவி வைக்கலாம். செலவு குறைந்தால் வாடகையும் குறைய வேண்டும். அந்த லாபம் நிர்வாகத்தின் கணக்கோடு நின்றுவிடக் கூடாது.

தண்ணீரையும் மின்சாரத்தையும் எண்ணி எண்ணிச் செலவழிப்பது ஏழைக்கு யாரும் கற்றுத் தர வேண்டிய பாடமல்ல. அவனுக்கு வேண்டியது கௌரவமாகக் கண்ணயர ஓர் இடம். ரயில்வேயும் மாநகராட்சியும் மனம் வைத்தால் அதைத் தர முடியும். மனம் வைப்பார்களா?