ஸ்கீ பூட்டும் ரெண்டு கிலோ அரிசியும்

பனிச்சறுக்குக்குப் போயிட்டு வந்தவங்க கிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. மலையை விடுங்க, பூட்டைப் பத்தித்தான் புலம்புவாங்க. விரல் மரத்துப் போச்சு, நகம் கறுத்துப் போச்சு, இனிமே வரலை சாமி! "ஸ்கீ பூட்னா அப்படித்தான் இருக்கும்"னு இதுக்கு ஒரு சமாதானம் வேற. அப்படி இருக்க வேண்டியதே இல்லைங்க.

வெளிய கெட்டியான பிளாஸ்டிக் ஷெல், உள்ள மெத்துன்னு ஒரு லைனர், இதுதான் ஸ்கீ பூட். நிறைய லைனர்கள் ஈ.வி.ஏ. நுரையில செஞ்சவை. சூடு பட்டா இளகும். ஆறும்போது உள்ள இருக்கற காலோட வடிவத்தைப் பிடிச்சுக்கும். கடையில காசு வாங்கிட்டு செய்யறதும் இதுதான். வீட்டுலயே செய்யலாம்ங்கறது என் கட்சி.

ஆனா சமையல் ஓவன்ல வேணாம். லைனருக்குத் தேவை சுமார் 110-120 டிகிரி செல்சியஸ். வீட்டு ஓவன் காட்டுறது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணு. கம்பியோட அனல் நேரா பட்டா லைனர் கருகிடும்.

அரிசி வழிதான் நல்லது. பருத்தி சாக்ஸ்ல பச்சரிசியோ புழுங்கலோ, ஊற வைக்காத அரிசியை நிரப்பி, மைக்ரோவேவ்ல கொஞ்சம் கொஞ்சமா, குலுக்கிக் குலுக்கி சூடு பண்ணுங்க. (நைலான் வேணாம், உருகிடும்.) ஷெல்லுக்குள்ள இருக்கற லைனர்ல அதைப் பத்து நிமிஷம் வைங்க. அப்புறம் விரல் நுனிக்கு மேல ஒரு நுரைத் தொப்பி, அதுக்கு மேல மெல்லிசு சாக்ஸ். காலை விட்டு, குதிகாலைத் தட்டி, பக்கிளை லேசா மாட்டி, ஆடாம அசையாம ஆறுற வரைக்கும் நில்லுங்க. அந்தத் தொப்பிதான் விரலுக்கு இடம் வாங்கித் தரும்.

இப்ப முக்கியமான விஷயம். சூடு பண்றது கடைசி வேலை, முதல் வேலை இல்லை. லைனரைக் கழட்டிட்டு வெறும் ஷெல்லுல காலை விடுங்க. விரல் முன்னாடி தொட்டா, குதிகாலுக்குப் பின்னாடி ஒண்ணு, ஒண்ணரை விரல் இடம் இருக்கணும். அதுக்கு மேல இருந்தா பூட்டே பெருசு. அரிசி மூட்டையே வச்சாலும் தேறாது. நுரை நாளாக ஆக அமுங்கும், குதிகால் தூக்கும், சரிவுல நீங்க திருப்பினா ஸ்கீ திரும்பாது. அது வலிப் பிரச்சினை இல்லை, விழற பிரச்சினை.

சர்க்கரை வியாதியால பாத உணர்வு குறைஞ்சவங்க இதை வீட்டுல செய்யவே வேணாம். சூடு தெரியாது, புண்ணாயிடும்.

டிஸ்கி: அந்த அரிசியில அப்புறம் பொங்கல் வச்சா நான் பொறுப்பில்லை :-)