சிக்னல் பூஸ்டரும் அண்டை வீட்டார் உரிமையும்

அடுக்ககங்களில் வாழும் நம் குடும்பங்களிடையே ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. கீழ்த்தளத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. ஒரு பூஸ்டர் வாங்கிப் பொருத்திவிடலாமா? தேவை பொய்யன்று. வளைகுடாவில் உழைக்கும் மகனின் அழைப்புக்காக உம்மா மொட்டைமாடியில் போய் நிற்கிறார். வங்கி அனுப்பும் ஓடிபி வந்து சேர்வதற்குள் காலாவதியாகிறது. நள்ளிரவில் வாப்பாவுக்கு நெஞ்சுவலி கண்டால் 108-ஐ அழைக்க இயலாத வீட்டில் எவர் நிம்மதியாக உறங்குவார்?

ஆயினும், இணையத்தில் விற்கப்படும் ஏதோவொரு பெட்டியை நாமே வாங்கி மாட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

பூஸ்டர் சிக்னலைப் புதிதாக உண்டாக்குவதில்லை. மாடியில் வைக்கும் ஆன்டெனா கோபுரத்தின் அலையைப் பிடிக்கிறது. பெருக்கி அதற்கு வலுவூட்டுகிறது. உள்ளிருக்கும் ஆன்டெனா அதை அறைகளில் பரப்புகிறது. நம் கைப்பேசியின் அலையும் அதே வழியாகக் கோபுரத்துக்குத் திரும்புகிறது. மாடியிலேயே சிக்னல் இல்லையெனில், பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே போதிய தடுப்பு இல்லையெனில் நேர்வது வேறு. பள்ளிவாசலில் மைக்கை ஒலிபெருக்கியின் முன்னே கொண்டுசென்றால் எழும் ஊளையை நாம் அறிவோம். அதே ஊளை இங்கும் எழும். நம் காதில் மட்டும் விழாது. அது கோபுரத்தில் இரைச்சலாகப் போய்ச் சேரும். அக்கோபுரத்தை நம்பியிருக்கும் சுற்றுவட்டாரத்தாரின் அழைப்புகள் அறுபடும்.

ஹக்குல் இபாத், அதாவது சக மனிதருக்குரிய உரிமை, மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே பாதிக்கப்பட்டவர் யாரென்று நமக்குத் தெரியாது. பாதித்தவர் யாரென்று அவருக்கும் தெரியாது. எவரிடம் போய்ப் பொறுத்தருளக் கேட்பது?

சட்டமும் இதையே தடுக்கிறது. உரிமமின்றி ரேடியோ கருவியை வைத்திருப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அந்நெறியைக் கைவிடவில்லை. (தொழுகை நேரத்தில் கைப்பேசி ஒலிக்காதிருக்கப் பள்ளியில் ஜாமர் பொருத்தலாம் என்போரும் இதைக் கவனிக்க வேண்டும், அதற்கும் நமக்கு அனுமதியில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டு ஸஃப்பில் நிற்பது அவ்வளவு கடினமா?)

பிராட்பேண்ட் உள்ள வீட்டுக்கு வைஃபை காலிங் பெரும்பாலும் போதும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் இவ்வசதியைத் தொடங்கின. கைப்பேசியின் அமைப்புகளில் அதை இயக்கினால் சரி. கட்டடம் முழுமைக்கும் தேவையெனில், சங்கத்தின் பெயரால் சேவை நிறுவனத்துக்கே எழுத வேண்டும். தக்க கருவியை, தக்க அளவில், தன் பொறுப்பில் நிறுவ வேண்டியது அந்நிறுவனமே.

எழுதுவதற்கு முன் மஷூரா நடக்கட்டும். எந்தத் தளத்தில், எந்த அறையில், எந்த நிறுவனத்தின் சிக்னல் அறுபடுகிறது என்று வீடுவீடாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் சங்கக் கூட்டங்களில் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களே பேசுகிறார்கள். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவரையும், தனித்து வாழும் மூதாட்டியையும் எவரும் கேட்பதில்லை. இடர்ப்படுவோர் அவர்களே, ஆகவே முதலில் அவர்களைக் கேட்க வேண்டும். மேல்தளத்தில் முழுச் சிக்னலோடு இருப்பவர், தமக்குப் பயனில்லை என்று மாடியில் இடம் தர மறுக்கலாகாது. கருவிக்கான மின்கட்டணம் பொதுக் கணக்கில் சேரட்டும். மின்தடையின்போதும் இயங்குமாறு இன்வெர்ட்டர் இணைப்பையும் அப்போதே கேட்டுப் பெறலாம்.